இருபத்து மூன்று பதிப்புரிமையாளர்கள்

மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாற்றில் இதற்கு நிகரான ஒரு நாள் வந்ததில்லை. இனி உலகத்தின் எந்த மூலையில் எவர் கணினியைத் திறந்தாலும் அதற்குள் ஊவா மண்ணின் பெயர் இருக்கும். ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை எங்கள் தலைவர் இராயப்பன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் சொன்னார். ஒலிவாங்கி தேவைப்படும் அளவுக்குக் கூட்டம் இல்லை. பதுளையில் அவருடைய அச்சகத்தின் மேல்மாடியில் பதினொரு பேர் இருந்தோம். அதில் இருவர் கல்யாணக் கார்ட் வாங்கிப்போக வந்தவர்கள். கீழே உட்கார இடம் இல்லாததால் மேலே ஏறி வந்து, கதிரை காலியாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் ஊவா கணித்தமிழ்ப் பேரவையின் செயலாளர். பெயர் ஜெயகுமார், ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என்னைச் செயலாளராக்கியதற்கும் கணினிக்கும் சம்பந்தம் இல்லை. வெளிநாட்டுக்காரருக்குக் கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தலைவர் வாசித்த அந்த உரையையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இத்தனை பெருமைக்கும் காரணம் அறுநூற்றுச் சொச்சம் வரியில் எழுதப்பட்ட ஒரு சின்ன மென்பொருள். எழுதியவர் நிரஞ்சலா. வயது இருபத்தெட்டு. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து பதுளையில் தங்கி, இராயப்பனின் அச்சகத்தில் கார்ட்டும் நோட்டீஸும் கணினியில் கோர்ப்பவர். உரை நடந்தபோது அவர் மாடியில் இல்லை. கீழே ஒரு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்புக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

நிரஞ்சலாவின் அம்மா இராக்கம்மா, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. மீரியபெத்தையில் மலை சரிந்து ஆட்களை மூடிய பிறகு எங்கள் பக்கத்துத் தோட்ட டிவிஷன்களுக்கு மழைமானிகள் வந்தன. கொண்டுவந்தவர்கள் அதைக் காம்பரா முற்றத்தில் நட்டு, பக்கத்தில் ஒரு பலகையும் நட்டு, பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். யார் பார்ப்பது என்று சொல்லவில்லை. இராக்கம்மா பார்த்தார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்து, கதவுக்குப் பின்னால் சோக்கால் எழுதிவைப்பார். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு எழுபத்தைந்து தாண்டினால் கவனம், நூறு தாண்டினால் ஆயத்தம், நூற்றைம்பது தாண்டினால் லயத்து வரிசை வீடுகளைவிட்டு வெளியே என்பது கணக்கு. ஒவ்வொரு தடவையும் நேற்றைய எண்களில் பழையதைக் கழித்துப் புதியதைக் கூட்ட வேண்டும். இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. ஒருநாள் கூட்டல் பிழைத்து, நூற்றைம்பது தாண்டியது நான்கு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று மண் சரியவில்லை. அதற்குப் பிறகுதான் மகள் எழுத உட்கார்ந்தார்.

எண்ணைத் தட்டினால் போதும். மென்பொருள் கூட்டிப் பார்த்து, வேண்டியபோது சத்தம் போட்டுத் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் சொல்லும். எங்கள் பக்கத்துப் பதினான்கு பிள்ளைக் காம்பராக்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் பாவித்த கணினிகளைக் கொடுத்திருந்தது. அவற்றில் ஓடுவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். லினக்ஸில் பல வழங்கல்கள் உண்டு. வழங்கல் என்பதை உலருணவுப் பொதி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: அரிசி, பருப்பு, சீனி எல்லாவற்றையும் யாரோ சுத்தம் பார்த்து, ஒன்றாகக் கட்டி, கையில் தருகிறார்கள். உள்ளே ஒவ்வொரு மென்பொருளும் ஒரு சிறு பொதி. தொண்டு நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வழங்கலோடு வரும் பொதிகளைத் தவிர வேறொன்றையும் அந்தக் கணினிகளில் ஏற்றக் கூடாது. கண்டதையும் ஏற்றிக் கெடுத்துவிடுவார்களாம்.

ஆக நிரஞ்சலாவின் மென்பொருள் காம்பராவுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அந்த வழங்கலுக்குள் போக வேண்டும். இராக்கம்மா இருக்கும் இடத்துக்கும் மகள் இருக்கும் இடத்துக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மென்பொருள் மட்டும் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். வழங்கலின் அடுத்த பதிப்புக்கு ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதியோடு கதவு அடைபடும். அதைத் தவறவிட்டால் அதற்கடுத்த பதிப்பு இரண்டு வருஷம் கழித்து. அதாவது இரண்டு ஐப்பசி, இரண்டு கார்த்திகை.

மென்பொருளை எழுதுவது ஒரு வேலை, அதைப் பொதியாகக் கட்டுவது இன்னொரு வேலை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும், வேறு எதை நம்பி ஓடுகிறது, யார் கேட்டாலும் பதில் சொல்லப் பொறுப்பானவர் யார், எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். போ என்று சொன்னால் சுவடில்லாமல் எப்படி வெளியேறும் என்பதைக்கூட முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பேரவையில் எந்தப் பதவிக்கும் அப்படி ஒரு விதி இல்லை.

அச்சகத்துக் கணினி ஆடித் திருவிழா நோட்டீஸ்களில் மூழ்கியிருந்ததால், சனிக்கிழமைகளில் நிரஞ்சலா என் மடிக்கணினியில் வேலை செய்தார். பக்கத்தில் உட்கார்ந்து, பொதி கட்டுவதற்கான வழிகாட்டு நூலின் ஆங்கிலத்துக்குப் பொருள் சொல்வது என் பங்கு. பாதி இடத்தில் அவர்தான் எனக்குப் பொருள் சொன்னார். ஒரு சனிக்கிழமை அவர் தேத்தண்ணி ஊற்றிவரப் போயிருந்த நேரம் விசைப்பலகை என் பக்கம் திரும்பியிருந்தது. ஒன்றும் உடைந்துவிடவில்லை.

ஜூலைக் கடைசியில் அவர் சொன்னார். "எல்லாம் முடிஞ்சிருச்சு சேர். பதிப்புரிமைக் கோப்பு ஒன்னுதான் மிச்சம். யாரு யாரு எழுதுனதுன்னு பேரு போடணும்."

பேர் போட வேண்டும் என்ற சொல் அடுத்த மேசை வரை கேட்டுவிட்டது.

"பேரு போடுற வேலைய என்கிட்ட விடு புள்ள," என்று இராயப்பன் எழுந்து வந்தார். "முப்பத்தோரு வருஷமா வேற என்ன வேல பாக்குறேன்?"

அது உண்மை. பதுளையிலிருந்து பசறை, ஹல்துமுல்லை வரை எந்தக் கோவிலில் தேர் ஏறினாலும், எந்தக் கத்தோலிக்கப் பங்கில் கொடி ஏறினாலும், அதன் நோட்டீஸ் அவர் அச்சகத்தில் ஏறியிருக்கும். யாருடைய பெயர் யாருக்கு மேலே என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு பெயர் விடுபட்டதால் ஒரு தோட்டத்தில் ஒரே கோவிலுக்கு இரண்டு திருவிழா நடந்த கதையை அவர் அடிக்கடி சொல்வார். அந்த நோட்டீஸ் இரண்டையும் அடித்ததும் அவர்தான்.

இரண்டு நாளில் பதிப்புரிமைக் கோப்பு தயாரானது. தலைமை: தேசகீர்த்தி, சாமஸ்ரீ, அகில இலங்கை சமாதான நீதவான் இராயப்பன். முன்னிலை மூவர். செயலாளர் நான். போஷகர்கள் ஒன்பது பேர். சிறப்பு அதிதிகள் ஐவர். ஆசியுரை வழங்குவோர், ஒரு சிவாச்சாரியாரும் ஒரு பங்குத்தந்தையும் ஒரு மௌலவியும். எல்லாருக்கும் கீழே, நோட்டீஸ்களில் ஒலி ஒளி அமைத்தவர் பெயர் வரும் இடத்தில்: மென்பொருள் உதவி, செல்வி நிரஞ்சலா. மொத்தம் இருபத்து மூன்று பேர். உச்சியில் நான்கு மதத்துச் சின்னங்களும் வர வேண்டும் என்று தலைவர் விரும்பினார். எழுத்துக் கோப்பில் படம் போட முடியாது என்று தெரிந்ததும் முகம் வாடிவிட்டது.

"ஐயா, இது எழுதுனவங்க பேரு மட்டும் போடுற எடம்," என்றார் நிரஞ்சலா.

"நீதான் எழுதுனே, யாரு இல்லேன்னா? ஒன் பேரும் இருக்கே."

"இருக்குங்க. மத்தவங்க எழுதலயே."

"திருவிழா நோட்டீஸ்ல பேரு இருக்கவங்க எல்லாம் தேரையா இழுக்குறாங்க?"

நிரஞ்சலா என்னைப் பார்த்தார். வழிகாட்டு நூலில் அந்தப் பக்கத்தை நான் வாசித்திருந்தேன். எழுதாத ஒருவரின் பெயரைப் பதிப்புரிமையாளராகப் போடுவது தவறான வாக்குமூலம் என்று அதில் தெளிவாக இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டியலில் ஐந்தாவது பெயர் என்னுடையது.

தலைவர் அதோடு விடவில்லை. மென்பொருள் திரையில் காட்டும் எச்சரிக்கையையும் வாசித்துப் பார்த்தார். நிரஞ்சலா போட்டிருந்தது அம்மா சொன்ன வசனம். நூற்றைம்பது தாண்டினால் இப்படி வரும்: "தண்ணி கூடிப்போச்சு. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்க. சட்டி பானைய விடுங்க."

"உலகம் பூரா போற சாமான்ல இப்புடியா தமிழ் போடுறது?" என்று தலைவர் பேனாவை எடுத்தார். எழுதி முடித்தபோது அது இப்படி ஆகியிருந்தது: "அன்புடையீர், தற்போது நிலவும் சீரற்ற காலநிலையினைக் கருத்திற்கொண்டு, மண்சரிவு அபாயம் ஏற்படக்கூடிய பிரதேசங்களில் வசிக்கும் அனைவரும் தத்தமது வாசஸ்தலங்களிலிருந்து பாதுகாப்பான இடங்களுக்கு உடனடியாக வெளியேறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம். இவ்வண்ணம், தலைவர்." நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு "உம்" சேர்க்கச் சொன்னதாகவும் ஞாபகம்.

நிரஞ்சலாவுக்குச் சம்பளம் தருபவர் அவர். அவர் சொன்னபடி போட்டு, ஓகஸ்ட் முதலாம் திகதி பொதியை அனுப்பிவிட்டார்.

பத்தாம் திகதி பதில் வந்தது. வழங்கலுக்கு வரும் பொதிகளைச் சம்பளமில்லாமல் பார்த்துத் தரும் ஒரு பரிசீலகர். இரண்டே எழுத்தில் கையொப்பமிட்டிருந்தார். ஆணா பெண்ணா, எந்த நாடு என்பது தெரியாது. பொதி நேர்த்தியாகக் கட்டப்பட்டிருக்கிறது, பாராட்டுகள் என்று தொடங்கியிருந்தார். அந்த வரியை நான் தலைவருக்கு மூன்று தடவை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகுதான் மற்றது. பதிப்புரிமைக் கோப்பில் இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று கணினியே குறித்துவைக்கும் திருத்தப் பதிவேட்டில் இருபத்து மூன்று பேரைக் காணவில்லை. ஒவ்வொருவரும் எந்த வரியை எழுதினார் என்று அவரவரே கடிதம் அனுப்ப வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம் என்று அதிலேயே சம்மதம் சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு சந்தேகம்: எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் பழைய திரைகளில் உங்கள் எச்சரிக்கை நீளம் தாங்காமல் பாதியில் வெட்டுப்படுகிறது, வெட்டுப்படும் பகுதி முக்கியமானதா?

நிரஞ்சலா ஓட்டிப் பார்த்தார். திரை "வாசஸ்தலங்களிலிருந்து" என்ற சொல்லோடு முடிந்தது. வெளியேறச் சொல்லும் சொல் கீழே, திரைக்கு வெளியே.

பதின்மூன்றாம் திகதி அவசரக் கூட்டம். இந்தத் தடவை ஒலிவாங்கி இல்லை.

"ஆளு யாரு? எங்க இருக்காரு?" என்றார் தலைவர். "ஒரு ரெண்டு கிலோ நல்ல பீஓபி தேயிலத் தூள் அனுப்புவோம். நம்ம தோட்டத்துத் தூளக் குடிச்சா இந்தக் கேள்வியெல்லாம் கேக்க மாட்டாரு."

"அட்ரஸ் இல்லீங்க ஐயா. மெயில் மட்டும்தான்."

"அட்ரஸே இல்லாத ஆளா நம்மளப் பரிசீலிக்கிறது?"

சரி, எல்லாரும் ஆளுக்கொரு கடிதம் எழுதிவிடுவோம், ஆளுக்கு இருபது வரி என்று பிரித்துக்கொண்டால் முடிந்தது என்றார் போஷகர் றொனி. பஸ் நிலையத்துக்கு எதிரே கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். எங்கள் பேரவையின் தொழில்நுட்ப ஆலோசகர் என்று கார்ட் அடித்து வைத்திருக்கிறார். எல்லாரும் தலையாட்டினார்கள். எதற்குச் சம்மதம் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா என்று நான் மென்பொருளோடு போகும் உரிமத்தை எடுத்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். நல்லது செய்வதாக நினைத்து அல்ல. ஆங்கிலம் தெரியும் என்று காட்டச் சந்தர்ப்பம் கிடைத்தால் நான் விடுவதில்லை.

கடைசிப் பந்திக்கு வந்தேன். "இந்த மென்பொருள் எவ்வித உத்தரவாதமும் இன்றி வழங்கப்படுகிறது. இதனால் ஏற்படும் எந்த இழப்புக்கும் பதிப்புரிமையாளர்கள் பொறுப்பல்ல."

தலையாட்டல் நின்றது.

"இழப்புன்னா?" என்றார் றொனி.

"இழப்புன்னா இழப்புதான்," என்றேன்.

"இல்ல சேர், ஒரு பேச்சுக்கு. இந்த மெசின் கத்தாம இருந்து, மண்ணு சரிஞ்சு, ஆள் அழிவு ஆச்சுன்னா?"

"பொறுப்பில்லன்னுதானே போட்டிருக்கு."

"பொறுப்பில்லன்னு எதுக்குப் போடுறாங்க? யாராச்சும் கேப்பாங்கன்னுதானே?" றொனி கதிரையை முன்னுக்கு இழுத்தார். "எங்க கடையில வாரண்டி இல்லன்னு எழுதித்தான் ஒட்டியிருக்கேன். ஆனாலும் வந்து கேக்கத்தானே செய்றாங்க. இதுல நம்ம பேரு வேற போட்டிருக்கு."

அன்று மாலைக்குள் றொனி பேரவையின் வாட்ஸ்அப் குழுமத்தில் செய்தி போட்டார். தனிப்பட்ட காரணங்களினால் தன் பெயரை நீக்கிவிடும்படி. மறுநாள் காலை சிறப்பு அதிதிகள் ஐவருக்கும் அதே தனிப்பட்ட காரணங்கள் வந்துவிட்டன. போஷகர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றார்கள். ஒருவர் தன் பெயர் பட்டியலில் இருப்பதே தனக்குத் தெரியாது என்றும், அப்படிப் போட்டதைக் கண்டிப்பதாகவும் எழுதினார். அவர் பெயர் மூன்றாவதாக வந்ததற்கு முந்தின வாரம் சண்டை பிடித்தவர் அவர். ஆசி வழங்கிய மூவரும் ஆசி தொடரும், பெயர் வேண்டாம் என்றார்கள்.

தலைவர் கடைசிவரை நின்றார். பதினாறாம் திகதி காலை நிரஞ்சலாவின் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சமாதான நீதவான், ஜேபீன்னா கையெழுத்துக்கு ஒரு பெறுமதி இருக்கு புள்ள. தெரியாத ஒன்னுக்கு நான் இதுவரைக்கும் கையெழுத்து வச்சதில்ல."

பதுளையில் பாதிப் பேரின் புகைப்படத்துக்குப் பின்னால், இவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று அவர் கையெழுத்து வைத்திருக்கிறார். அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

"பேர எடுத்துரட்டுங்களா ஐயா?"

"எடுத்துரு. ஆனா எடுத்தேன்னு யாருகிட்டயும் சொல்லாத." கொஞ்சம் நின்று, "அந்த எச்சரிக்கையையும் பழையபடியே போட்ரு. என் தமிழ் கொஞ்சம் நீளம்," என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் தேசகீர்த்தி இல்லை. நோட்டீஸில் எழுத்து இடம் கொள்ளாமல் போனால் வாடிக்கையாளரிடம் சொல்லும் அச்சுக்காரர்தான் இருந்தார்.

பழைய வசனம் திரும்பி வந்ததும் புதிய சிக்கல் வந்தது. அந்த வசனம் யார் எழுதியது என்று பரிசீலகர் கேட்டார். என் அம்மா என்று நிரஞ்சலா பதில் போட்டார். அப்படியானால் அவரும் பதிப்புரிமையாளர், அவருடைய சம்மதம் அவருடைய சொல்லிலேயே வேண்டும் என்று வந்தது. கதவு அடைபட ஒன்பது நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் நிரஞ்சலாவும் நமுனுகுல பஸ் ஏறினோம். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க நான் தேவை. பிள்ளைக் காம்பரா மூடியிருந்தது. இராக்கம்மா ஞாயிற்றுக்கிழமையும் மழைமானியைப் பார்க்க அங்கேதான் வந்திருந்தார். கதவைத் திறந்து என்னை ஒரு சின்னக் கதிரையில் உட்கார வைத்தார். பிள்ளைகள் உட்காரும் உயரம். முழங்கால் நாடி வரை வந்தது. கதவுக்குப் பின்னால் சோக் எண்கள் வரிசை வரிசையாக இருந்தன. அழித்து எழுதி எழுதி அந்த இடத்தில் பெயின்ட் போய்விட்டிருந்தது.

நிரஞ்சலா விஷயத்தைச் சொன்னார். இராக்கம்மா சிரித்தார்.

"எம்பேரா? எதுக்குடி? நான் என்னா எழுதுனேன், வாயில வந்தத சொன்னேன்."

"அதத்தாம்மா போட்டிருக்கேன். சொன்னது நீதானே."

"காலப் பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்புட்டாலே போதும். வெளிநாட்டுலயெல்லாம் எதுக்கு?"

நான் தொண்டையைச் செருமி, செயலாளர் குரலில் உரிமத்தை விளக்கினேன். யார் வேண்டுமானாலும் பாவிக்கலாம், மாற்றலாம் என்றேன். கடைசிப் பந்தியையும் சொன்னேன். எந்த இழப்புக்கும் எழுதியவர்கள் பொறுப்பல்ல.

இராக்கம்மா முற்றத்துக்கு அப்பால் பார்த்தார். பத்து எட்டில் லயம். லயத்துக்கு மேலே தேயிலை, அதற்கு மேலே கறுப்பன் தைல மரங்கள், அதற்கு மேலே பாறை.

"பொறுப்பில்லன்னு போட்டிருக்கா? போட்டுக்கட்டும். சரிஞ்சா மொதல்ல எங்க லயத்துக்குத்தானே சரியும். என்னை எவன் வந்து கேக்கப்போறான்?"

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொரு பேரை மூன்று நாளில் ஓடவைத்த வரி அது. அங்கே அது காலாவதியான கடுதாசிபோலக் கிடந்தது. பொறுப்பு என்றால் கேள்வி கேட்கப்படுவது என்றுதான் பதுளையில் நாங்கள் எல்லாரும் புரிந்துவைத்திருந்தோம். இங்கே ஒருவர் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் ஒரு குழாயைப் பார்த்துவிட்டு வருகிறார். அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

"சரி, என்னா எழுதணும்?" என்றார்.

நிரஞ்சலா தொலைபேசியிலேயே அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்தார். இராக்கம்மா சொல்லச் சொல்லத் தமிழில் தட்டினார். கீழே நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

"இதச் சொன்னது நான்தான். பேரு இராக்கம்மா. யாரு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒன்னு எழுது. எங்களுக்கு மேட்டுல பள்ளிக்கூடம் இருக்கு, அதுனால பள்ளிக்கூடம்னு சொன்னேன். அடுத்த தோட்டத்துல பள்ளிக்கூடம் பள்ளத்துல கெடக்கு. அங்க கோயில்னு மாத்திக்கணும். அப்புடியே போட்றாம மாத்திப் போடச் சொல்லு."

அந்த உரிமத்தில் பதினொரு பக்கம் இருக்கிறது. அதன் சாரம் என்ன என்று பரிசீலகர்கள் வருஷக்கணக்காக இணையத்தில் விவாதிக்கிறார்கள் என்று நிரஞ்சலா ஒருமுறை சொல்லியிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்.

"சேர், பட்டியல்ல இப்ப மூணு பேருதான். நான், அம்மா, நீங்க. நீங்க எடுக்கச் சொல்லலையே."

எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். பசறைச் சந்தியில் பஸ் நின்றது, ஆள் ஏறினார்கள், பேச்சு விட்டுப்போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னை அந்தக் கடைசிப் பந்தி பயமுறுத்தவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும். பொறுப்பல்ல என்றால் உண்மையிலேயே பொறுப்பல்ல என்று தெரியும். அதனால் தைரியமாக இருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் தைரியம் போலத்தான் இருக்கும்.

பரிசீலகரின் அடுத்த கடிதம் என் பெயருக்கே வந்தது. திருத்தப் பதிவேட்டில் ஒரு நாள் உங்கள் பெயரில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அது நீங்கள் செய்ததா? மடிக்கணினி என்னுடையது, அதில் பதிந்திருந்த பெயரும் என்னுடையது. ஆனால் மற்ற எல்லாச் சனிக்கிழமையும் நிரஞ்சலா கவனமாகத் தன் பெயரை மாற்றிவிட்டே வேலை தொடங்கியிருந்தார். அந்த ஒரு திருத்தம் மட்டும், அன்று பெயரை மாற்றுமுன் அவர் தேத்தண்ணி ஊற்றப் போயிருந்த நேரத்தைக் காட்டியது. ஆம், நான் செய்ததுதான், மூல நிரலின் வாசிப்புத்தன்மையை மேம்படுத்துவதில் பங்களித்தேன் என்று பதில் எழுதினேன். அழகான ஆங்கிலம்.

"கெடக்கட்டும் சேர்," என்றார் நிரஞ்சலா. "ரெக்கோட்ல ஏறிருச்சு. இப்ப எடுக்கப்போனா இன்னொரு கடுதாசி வரும். நாள் இல்ல."

ஓகஸ்ட் இருபத்தொன்பதாம் திகதி பொதி ஏற்கப்பட்டது. அச்சகத்து வாசலில் எட்டடிப் பதாகை ஏறியது: உலகை வென்ற ஊவா. நடுவில் தலைவரின் படம். கணினியில் அதைக் கோர்த்துக் கொடுத்தவர் நிரஞ்சலா. பெயரை எடுத்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒக்டோபரில் புதிய பதிப்பு பதினான்கு காம்பராக்களுக்கும் வந்து சேர்ந்தது. நவம்பர் மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, நமுனுகுலக் காம்பராவில் இராக்கம்மா இருபத்தாறு என்று தட்டினார். கூட்டல் நூற்றைம்பத்து நான்கைக் காட்டி, மெசின் கத்தியது. திரையில் அவருடைய சொந்த வசனம். அதை அவர் வாசிக்க நிற்கவில்லை. பதினேழு பிள்ளைகளையும் பெரியவர்களையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். அடுத்த தோட்டத்துத் திரையில் "கோயில்" என்று இருந்தது. அவர்கள் கோவிலுக்குப் போனார்கள். இரவெல்லாம் பெய்தது. காலையில் லயத்துக்குப் பின்னால் ஒரு வேலி உயரத்துக்கு மண் இறங்கி, கழிவறைக் கதவோடு நின்றிருந்தது. வேறொன்றும் இல்லை. சட்டி பானைகள் வைத்த இடத்தில் இருந்தன. இராக்கம்மா மழைமானியைக் கொட்டிவிட்டு, மறுபடி பூச்சியத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.

எங்கள் பாடசாலையின் டிசம்பர் பரிசளிப்பு விழாவில் அதிபர் என்னை மேடைக்கு அழைத்து, உலகளாவிய மென்பொருளின் பதிப்புரிமையாளர் என்று அறிமுகப்படுத்தினார். பொன்னாடை போர்த்தினார்கள். யாராவது பார்க்க விரும்பினால் பொதி எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. மென்பொருளில் அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள். அறுநூற்று இரண்டு நிரஞ்சலாவுடையவை, ஒன்பது இராக்கம்மாவுடையவை, ஒன்று என்னுடையது. என்னுடையது நாற்பத்தோராவது வரி. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.